பிள்ளைகளோடு கோல்ஃப்: ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்து ரேஞ்ச் வரை

தேக்காவுக்கு மளிகை வாங்கப் போகிறவர்கள் கடக்கும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பெயர் தந்தது ஃபேரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடல். சிங்கப்பூரில் கோல்ஃப் வேரூன்றியதும் அங்கேதான். 1891இல் தொடங்கிய சிங்கப்பூர் கோல்ஃப் கிளப் அந்தத் திடலில் ஆடியது. 1924இல் புக்கிட் தீமா பக்கம் போனது. ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கி, பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டிவிட்டு, பந்தடித்துப் பழகும் டிரைவிங் ரேஞ்சுக்குப் போங்கள். இந்த விளையாட்டு நம் பேட்டையிலும் ஓடியது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

ஜூரோங், ராஃபிள்ஸ், 2024 ஜூனில் மரினா பே என்று கோல்ஃப் திடல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. உறுப்பினர் அட்டை இல்லாத குடும்பத்துக்கு இன்று டிரைவிங் ரேஞ்ச்தான் முதல் பள்ளிக்கூடம்.

அப்பாவின் பழைய கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, அறுத்துக் குட்டையாக்கிப் பிள்ளையிடம் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். பாசம் புரிகிறது, ஆனால் வேண்டாம். குட்டையான ஷாஃப்ட் (மட்டைத் தண்டு) விறைத்துவிடும். பந்தைத் தொடும் தலையின் எடை குறையாது. கிரிப் என்கிற கைப்பிடி சின்னக் கைக்கு அடங்காது. வீச முடியாத பிள்ளை உடம்பைச் சாய்த்துச் சமாளிக்கும், அந்தச் சாய்வு பழக்கமாகிவிடும். விதிப்படி 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம். தொடங்குகிறவருக்கு உயரத்துக்கேற்ற பட்டர் (குழிக்குள் உருட்ட), வெட்ஜ் (சிறு தூரம் தூக்கியடிக்க), 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கு) மூன்றும் போதும். அக்காவுக்குக் குட்டையானதும் தம்பிக்கு வரும். வழிவழியாகக் கைமாறவேண்டியது அதுதான்.

பாடத்தைக் குழியிலிருந்து பின்னோக்கி நடத்துங்கள். குழியின் அகலம் 108 மி.மீ.தான். இரண்டடி தள்ளி நின்று ஐந்து பந்தும் விழுந்த பிறகு ஓரடி பின்வாங்கலாம். பட்டர் கைவந்தபின் வெட்ஜால் சிறு தட்டு, அதற்கப்புறமே முழு வீச்சு. ரேஞ்சுக்குள் நுழைந்ததும் நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைக் கையில் கொடுத்தால் பிள்ளை பலத்தை மட்டுமே கற்கும்.

ரேஞ்சில் பந்தை வைத்து அடிக்கும் செயற்கைப் புல் பாய் ஏமாற்றும். பந்துக்கு இரண்டு விரல்கடை பின்னால் கிளப் இறங்கினாலும் பாயில் வழுக்கிப் பந்தைத் தொட்டுவிடும், பந்தும் பறக்கும். அதே வீச்சு புல்லில் மண்ணைத்தான் தோண்டும். பந்துக்குப் பின்னால் நான்கு விரல்கடை தள்ளி ஒரு சிறு துண்டை மடித்து வையுங்கள். துண்டு நகர்ந்தால் அடி பிசகு. சத்தத்தைக் கேட்டே பிள்ளைகள் தாங்களாகத் திருத்திக்கொள்வார்கள்.

குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிரீனில், புல் சாய்ந்திருக்கும் திசையைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளத்தால் சாய்வு குழிப்பக்கம், பந்து விரைந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்ப்பக்கம், சற்று அழுத்தித் தட்டவேண்டும். நம் ஊர் வெயிலில் வளரும் புல்லில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

காலை நேரத்தையே பதிவு செய்யுங்கள். ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி மின்னல் அதிகம். மின்னல் எச்சரிக்கைச் சைரன் ஒலித்தால் பந்தைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். விதி அதை அனுமதிக்கிறது. மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, குடையும் விரிக்கக் கூடாது.