நர்டில் என்னும் சொல்

கிரிக்கெட் வர்ணனையை ஆங்கிலத்தில் கேட்பவர்களுக்கு 'நர்டில்' என்ற சொல் ஓரளவு பழகியிருக்கும். பந்தை ஓங்கி அடிக்காமல், மட்டையை மெல்லத் திருப்பி, பெரும்பாலும் லெக் திசையில் ஆளில்லாத இடமாகப் பார்த்துத் தட்டிவிட்டு ஓர் ஓட்டம் எடுப்பதைக் குறிக்கும் வினைச்சொல் அது. அதில் பாராட்டும் உண்டு. இவருக்கு இதற்கு மேல் வராது என்ற மெல்லிய ஏளனமும் உண்டு. பிரஷ்ஷின் மேல் அலை வடிவில் சுருண்டு நிற்கும் பற்பசைக்கும் இதே பெயர்தான். அந்த உருவத்தைப் படமாகப் போடும் உரிமைக்காகக் கோல்கேட் நிறுவனமும் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனமும் 2010-இல் அமெரிக்க நீதிமன்றப் படியேறின என்பது வேடிக்கை.

இராமநாதபுரம் கடற்கரையில் வாழும் எனக்கோ இச்சொல்லின் மூன்றாவது பொருளே முக்கியமாகப் படுகிறது. வாளி, குடம், சாக்கு, தண்ணீர்க் குழாய் என எந்த பிளாஸ்டிக் பொருளையும் வார்ப்பதற்கான மூலப்பொருள், பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு மணிகளாகவே ஆலைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வெளியேறுகிறது. அந்த மணிதான் நர்டில். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவரிடம் சிலவற்றைக் காட்டியபோது, "சவ்வரிசி மாதிரில்ல இருக்கு" என்றார். மீனும் கடற்பறவையும் அவற்றை மீன்முட்டை என்று எண்ணி விழுங்கிவிடுகின்றன.

நம் செய்திகளில் இவற்றைப் 'பிளாஸ்டிக் துகள்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. துகள் என்றதும், சுற்றுலா வந்தவர் எறிந்த பாட்டிலும் அறுந்த நைலான் வலையும் வெயிலில் இற்று நொறுங்கியவை என்றே படிப்பவர் நினைப்பார். பழியும் கரையில் வாழ்பவர்மேலும் வந்துபோகிறவர்மேலும் பொதுவாக விழுந்துவிடும். நர்டிலோ ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாத சரக்கு. சரக்கு என்றால் அதை ஏற்றியவர் ஒருவர் இருப்பார், சுமந்த கப்பலுக்கு உரிமையாளர் இருப்பார், காப்பீடும் இருக்கும்.

இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அக்கரையிலேயே சான்று இருக்கிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து, ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. இலங்கையின் மேற்குக் கரை நெடுகிலும் அவை குவியல் குவியலாக ஒதுங்கின; வழக்கு நடந்து, 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு செலுத்தும்படி கப்பல் தரப்புக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபின், கேரளத்தின் தென்கரையிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் இம்மணிகள் ஒதுங்கியபோது, இச்சொல் தமிழ்ச் செய்திகளிலும் ஆங்காங்கே தலைகாட்டத் தொடங்கியது.

பயன்பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நர்டில் என்பது செய்தியாளர்களும் சூழலியலாளர்களும் புழங்கும் சொல். சட்ட ஆவணங்களில் அதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இம்மணிகளை உறுதியான பொதியில் கட்ட வேண்டும், சரக்கு இன்னதென்று தெளிவாகத் தெரிவிக்க வேண்டும், கூடுமானவரை மேல்தளத்துக்குக் கீழே அடுக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2024-இல் பரிந்துரைத்தபோதும் 'பிளாஸ்டிக் பெல்லட்' என்றே எழுதியது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. ஆகவே இம்மணிகள் கரை ஒதுங்கியதைப் பற்றி மனு எழுதுகிறவர்கள் இரண்டு பெயர்களையும் சேர்த்தே எழுதுவது நல்லது. மணிகளோடு கிழிந்த சாக்கு ஏதும் ஒதுங்கியிருந்தால், அதன்மேல் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயரையும் எண்களையும் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து இணைத்துவிட வேண்டும்.