அடுக்களை வாசல்

திருநெல்வேலிப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த எல்லாக் குருமனைகளிலும் (சபை தரும் குருவானவர் வீடுகளிலும்) இரண்டு வாசல்கள் இருந்தன. முன்வாசலுக்குக் குருவானவரான ஐயரைத் தேடி வருவார்கள்: ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க, கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க. அடுக்களை வாசலுக்கு வருகிறவர்கள், வந்த காரணத்தை முதலில் சொல்வதில்லை. முருங்கைக்கீரை கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கீரையை ஆய்ந்து முடிக்கும்போதுதான் அழுகை வரும்.

என் கணவர் குருவானவராகி 26 ஆண்டுகள் ஆகின்றன. நியமன உத்தரவு ஒவ்வொரு முறையும் அவர் பெயருக்குத்தான் வரும். வேலை இருவருக்கும் வரும். துக்க வீட்டில் அவர் அடக்க ஆராதனையை நடத்திவிட்டுத் திரும்புவார். நான் அந்த அம்மாவுக்கு இரண்டு வாய் கஞ்சி இறங்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

ஒரு சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில்) கைப்பிடி அரிசிப் பைகளை நான்தான் பிரித்துக் கொட்டுவேன். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். சுளகில் பரப்பினால் எந்த அடுப்பில் என்ன வேகிறது என்று தெரிந்துவிடும். நீலநூல் தைத்த ஒரு பையில் எப்போதும் பொன்னி அரிசி இருக்கும். ஒரு வாரம் ரேஷன் அரிசி வந்தது. அடுத்த வாரம் அதுவும் பாதிப் பிடிதான். "இந்த வாரம் அந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போவோம்" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். போய்வந்த மூன்றாம் நாள் அந்தப் பெண் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கணவன் குடிக்காக அவளுடைய கம்மலைக்கூட அடகு வைத்திருந்தான்.

அன்றிரவு அதை என் கணவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஞாயிறு பிரசங்கத்தில், மனைவியின் நகையை விற்றுக் குடிப்பவர்களைப் பற்றி மனம் கொதித்துப் பேசினார். பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் பிரசங்க பீடத்தைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு நீலநூல் பை வரவில்லை.

அன்றோடு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. "இன்னாருக்காக ஜெபியுங்கள்" என்பேன். ஏன் என்று அவர் கேட்கமாட்டார். சபையின் பொறுப்பைச் சுமப்பவருக்கு அது லேசானதல்ல. அவரை நான் அதிகம் மதிப்பது பிரசங்கத்துக்காக அல்ல, இந்தக் கேளாமைக்காகவே.

கால்டுவெல் ஊழியம் செய்த இடையன்குடிக்குப் போகும்போதெல்லாம் எலைசா அம்மையாரை நினைத்துக்கொள்வேன். நாகர்கோவில் மிஷனெரி வீட்டில் வளர்ந்தவர். 1844இல் கால்டுவெல்லை மணந்தவர். கணவர் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை உலகம் அறியும். இவர் அந்த ஊர்ப் பெண்களுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். தமிழ் அவருக்குச் சிறுவயது முதலே பழகிய மொழி. பின்னிக்கொண்டே அந்தப் பெண்கள் அவரிடம் எதையெல்லாம் சொல்லியிருப்பார்கள்! அவையெல்லாம் எழுதப்படாமல் போனதே நல்லது.

அந்தச் சேகரத்திலிருந்து மாற்றலாகிப் புறப்பட்ட நாளில், பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் நிழல் விழுந்தது. கையில் நீலநூல் பை, காதில் சிறிய கம்மல்.

"திருப்பிவிட்டோம் ஐயரம்மா" என்றாள். போகும்போது நின்று, "இதை ஐயரிடம் சொல்லுங்கள்" என்றாள்.