பார்க்கின்சன் மாத்திரையும் ஒரு டம்ளர் பாலும்
பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோபா-கார்பிடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே வெறும் தண்ணீரில் கொடுங்கள். பால், முட்டை, பருப்பிலுள்ள புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் குடலிலும் மூளை வாசலிலும் லெவோடோபாவோடு போட்டி போடும். மாத்திரை போட்டும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நகரவில்லையா? டோஸைக் குறை சொல்லும் முன், கூடவே குடித்த அந்தப் பாலைப் பாருங்கள். குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும்.

இரும்புச்சத்து மாத்திரைக்கு 2 மணி நேர இடைவெளி வேண்டும். லெவோடோபா அட்டையில் ‘சி.ஆர்.’ (மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை) என்றிருந்தால் பொடிக்கவே கூடாது. வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைட் எழுதினால் பார்க்கின்சன் இருப்பதை உடனே சொல்லுங்கள். அது, உடல் அசைவுக்கு உதவும் மூளை ரசாயனமான டோபமைனைத் தடுத்து விறைப்பைக் கூட்டும்.

தயவுசெய்து லெவோடோபாவை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஆபரேஷனுக்குச் சேர்த்தாலும் வேளை தவறாமல் தரச்சொல்லிக் கேளுங்கள்.