30 நாள் அனுமதிக் கடிதமும் என் வலது இடுப்பும்

‘இடுப்பு வலி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மருத்துவரிடமும் வேண்டாம், படிவம் நிரப்பும் பெண்ணிடம் வேண்டவே வேண்டாம். நமக்கு முதுகுக்குக் கீழே எல்லாமே இடுப்புதான். பிரசவ வலிக்கும் அதே பெயர். எனக்கு வலித்தது தொடை எலும்பின் பந்து போய் உட்காரும் மூட்டில், கவட்டைப் பக்கம். அந்த ஒரு சொல்லால் எனக்கு எட்டு மாதமும் கொஞ்சம் பணமும் நிறையத் தூக்கமும் போயின.

2022 கடைசியில் தொடங்கியது. சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து பாய லேபாரில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். பீஷானில் வட்டப் பாதை ரயிலுக்கு மாறும்போது ஒன்றும் தெரியாது. இடம் கிடைத்து உட்கார்ந்து எழுந்தால்தான் சுரீர் என்று பிடிக்கும். டாக்சியிலிருந்து காலை வெளியே எடுக்கும்போது, வலது காலுக்குக் காலுறை போடும்போது, பெருமாள் கோயிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழும்போது, எல்லாம் அதே இடம். புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் தமிழ் டாக்டர். “இடுப்பு வலி டாக்டர்” என்றேன். முதுகைத் தட்டிப் பார்த்தார், முதுகுக்கு எக்ஸ்ரே, முதுகுக்கு மாத்திரை, முதுகுக்கு பெல்ட். எட்டு மாதம் இப்படியே ஓடியது. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், விரலை வைத்துக் காட்டாதது என் தப்பு.

கடைசியில் அவரே எலும்பு மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு அரை நாள் விடுப்பில் அரசாங்க மருத்துவமனைக்குப் போனால், முகப்பில் இருந்தவர் கடிதத்தின் தலைப்பை மட்டும் பார்த்தார். “இதுக்கு மானியம் கிடையாது. பலதுறை மருந்தகக் கடிதம் வேணும்.” அவ்வளவுதான், அடுத்த எண்ணை அழைத்துவிட்டார். பலதுறை மருந்தகம் என்னும் அரசாங்கக் கிளினிக் வழியாகப் போனால் மானியம் உண்டு, ஆனால் மருத்துவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த அரை நாள் மிச்சம்.

பலதுறை மருந்தகத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

எலும்பு மருத்துவர் நல்லவர். நான் வாயைத் திறக்கும் முன்பே கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் என்று இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்திருந்தேன். அதைப் பார்த்தே “மூட்டு” என்றார். படுக்க வைத்து முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கி உள்பக்கம் திருப்பினார். கத்திவிட்டேன். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் பந்துக்கும் அதன் கீழே உள்ள எலும்புக் கழுத்துக்கும் நடுவே சின்னப் புடைப்பு. மடக்கும்போதெல்லாம் அது குழியின் விளிம்பில் இடிக்கிறதாம். விளிம்பைச் சுற்றி, குக்கர் மூடியில் ரப்பர் வளையம் இருக்கிற மாதிரி ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. அது கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, மூட்டுக்குள் சாயம் செலுத்தி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்றார். தேதி ஏழு வாரம் கழித்து. அதுவரை இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பயிற்சி.

ஏழு வாரமா? நான் பொறுக்கவில்லை. கிளினிக் டாக்டரிடமே கடிதம் வாங்கித் தனியார் ஸ்கேன் நிலையத்துக்குப் போனேன். ஏறத்தாழ 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து அப்போது, 2023இல், ஸ்கேனுக்கு ஆண்டுக்கு 300 வெள்ளிதான் எடுக்க முடியும், மிச்சம் கையிலிருந்து. அது சாயம் போடாத சாதாரண ஸ்கேன் என்பது எடுத்து முடித்த பிறகுதான் புரிந்தது. கடிதத்தில் எழுதியிருப்பதைத்தான் அவர்கள் எடுப்பார்கள். என் கடிதத்தில் ‘இடுப்பு எம்ஆர்ஐ’ என்று மட்டும் இருந்தது. படங்கள் உள்ள சிடி வட்டு ஒன்று கொடுத்தார்கள், என் கணினியில் அது திறக்கவே இல்லை. அறிக்கையில் ‘கிழிவு இருக்கலாம்’ என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். கணவர் காப்புறுதிப் பட்டியலில் இருந்த தனியார் நிபுணர் ஒருவருக்கு முன்பதிவு செய்தார். அவர் என்னைப் பார்த்தது பத்து நிமிடம் இருக்குமா? “கீஹோல்தான், இரண்டு மூன்று துளை, கேமரா விட்டுப் புடைப்பைச் சீவிவிட்டு வளையத்தைத் தைத்துவிடலாம்” என்றார். சரி என்று தலையாட்டினேன். காப்புறுதிக்கு முன் அனுமதி வாங்க வெளியே அனுப்பினார்.

வெளியே தமிழ்ப் பெண், சின்ன வயது, அன்பாகப் பேசினாள். “அக்கா, இடுப்பு வலி எப்பருந்து?” நான் வெகுளியாகச் சொன்னேன்: “இடுப்பு வலி பையன் பிறந்ததிலிருந்தே உண்டுமா, ஆனா இது வேற.” ‘இது வேற’ என்பதை அவள் எழுதவில்லை. படிவத்தில் இடுப்பு மூட்டு வலி 2017 முதல் என்று போனது. என் காப்புறுதித் திட்டத்தை நான் உயர்த்தியது 2020இல். பத்து நாளில் பதில் வந்தது: திட்டத்துக்கு முன்பே இருந்த நோயாகத் தெரிகிறது, 2017 முதல் உள்ள எல்லா மருத்துவக் குறிப்புகளையும் அனுப்புக.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. படிவத்தைத் திருத்தச் சொன்னால், டாக்டர் கையெழுத்துப் போட்டாயிற்று என்றார்கள். காப்புறுதியை அழைத்தால், கிளினிக்தான் திருத்த வேண்டும் என்றார்கள். புளோக்குக்குக் கீழே இருக்கும் டாக்டரிடம் கட்டணம் கட்டி அறிக்கை வாங்கினேன். 2017இல் வந்தது பிரசவத்துக்குப் பிந்திய முதுகுவலி, 2022இல் வந்தது வேறு என்று அவர் எழுதிக் கொடுத்தார். முதல் பிரதியில் தேதி தப்பு, மறுபடி போனேன். நீங்கள் போகும்போது, எந்த இடம், எந்த மாதம் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். கையெழுத்துக்குப் போகும் முன் படிவத்தை வாங்கிப் படியுங்கள், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அறுவைச் சிகிச்சையின் குறியீட்டு எண்ணையும் கேட்டு வையுங்கள். மெடிசேவில் எவ்வளவு எடுக்கலாம் என்பது அதை வைத்துத்தான். ரைடர் என்னும் கூடுதல் காப்புறுதி இருந்தும் கட்டணத்தில் 5 விழுக்காடு என் கைக்காசு என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஒருவழியாக அனுமதிக் கடிதம் வந்தது. 30 நாள் செல்லும் என்று போட்டிருந்தது. இத்தனை அலைந்து வாங்கிய கடிதம். உண்மையைச் சொன்னால், வலிக்காக அல்ல, அந்தக் கடிதம் காலாவதி ஆகிவிடக் கூடாதே என்பதற்காகவே 19ஆம் நாளுக்குத் தேதி குறித்துவிட்டேன்.

இதற்கிடையில் அரசாங்க மருத்துவமனையின் சாய ஸ்கேன் தேதி வந்தது. ரத்து செய்யத்தான் இருந்தேன். இயன்மருத்துவர்தான் விடவில்லை. “சாயத்தோட மரத்துப்போற மருந்தும் போடுவாங்க. அடுத்த சில மணி நேரம் வலிக்கிற வேலையை எல்லாம் செஞ்சு பாருங்க, எழுதி வையுங்க” என்றார். மூட்டுக்குள் மருந்து போட்டும் வலி போகவில்லை என்றால், வலியின் வேர் மூட்டில் இல்லை என்று அர்த்தமாம்.

எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள். உள்ளே அழுத்தம் மாதிரி இருந்தது, தாங்க முடியாத வலி இல்லை. வீட்டுக்கு வந்து கூடத்தில் சம்மணமிட்டேன், காலுறை போட்டேன், கழற்றினேன், மாடிப்படி ஏறினேன். கணவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். கவட்டைச் சுரீர் சுத்தமாக இல்லை! ஆனால் படி ஏறும்போது இடுப்பின் வெளிப்பக்கம் பிடிக்கும் வலி அப்படியே இருந்தது. அதுவரை இரண்டும் ஒரே வலி என்றே நினைத்திருந்தேன். பாதி மூட்டு, பாதி வெளித்தசை.

அந்தத் தாளோடு எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். கிழிவு இருக்கிறது, சின்னது. மூட்டு இடைவெளி நன்றாக இருக்கிறது, தேய்மானம் இல்லை. அவர் அறுவைச் சிகிச்சைக்கு எதிரி இல்லை. 2018இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வைச் சொன்னார். 23 மருத்துவமனைகள், 348 பேர், பாதிப் பேருக்குக் கீஹோல், பாதிப் பேருக்கு முறையான பயிற்சி. ஓராண்டில் இரண்டு பக்கமும் தேறியிருக்கிறார்கள். இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது என்று 100க்குப் போடும் மதிப்பெண்ணில், கீஹோல் பக்கம் 6.8 புள்ளி கூடுதல். “கூடுதல்தான், ஆனால் வலி இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்குக் கிழிவு தெரியும். நீங்கள் இன்னும் பயிற்சியை ஒழுங்காகச் செய்யவே இல்லையே” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஏழு வாரத்தில் நான் பயிற்சி செய்தது மொத்தமாகப் பத்து நாள் இருக்கும்.

அப்புறம் தனியாரில் நான் கேட்காத கேள்விகளை எல்லாம் கேட்டேன். மூட்டைத் திறக்கக் காலை இழுத்து வைப்பார்கள், அதனால் கவட்டையிலும் தொடையிலும் கொஞ்ச நாள் மரத்துப்போகலாம். சில வாரம் ஊன்றுகோல். ஓட்டம், ஆட்டத்துக்குத் திரும்ப நாலு மாதமோ அதற்கு மேலோ.

தனியாரில் குறித்த தேதியை ரத்து செய்தேன். நாலு மாதம் பயிற்சி, அதற்குப் பிறகும் கவட்டை வலி இருந்தால் கீஹோல், அதுவும் அரசாங்க மருத்துவமனையில் என்று முடிவு. 30ஆம் நாள் காலை, படிவம் நிரப்பிய அந்தப் பெண் அழைத்தாள். “அக்கா, கடிதம் இன்னிக்கு முடியுது. அப்புறம் திரும்பவும் முதல்லேருந்து.” தரையில் மல்லாந்து இடுப்பைத் தூக்கிப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். “முடியட்டும்மா” என்றேன். எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இப்போது ஐந்தாவது மாதம். வெளிப்பக்க வலி போய்விட்டது. கவட்டை, நாள் முழுக்க உட்கார்ந்தால் மட்டும். கோயிலில் இன்னும் நாற்காலிதான். மறுபார்வை அடுத்த மாதம். 900 வெள்ளி வட்டு அலமாரியில் இருக்கிறது, இன்னும் ஒரு கணினியிலும் திறக்கவில்லை.