இரண்டு காகிதங்கள்: ஷார்ஜா நாட்குறிப்பு

2024 ஜூன் 2, ஞாயிறு

அக்கா மகன் துபாயில் உள்ள சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து ரோலாவுக்கு வந்தான். மே மாதச் சம்பளம் கார்டில் ஏறியிருக்கிறது. ஓவர்டைமும் சேர்த்து 1,150 திர்ஹம். திருச்சி ஏஜெண்ட் கொடுத்த லெட்டரில் ஏசி டெக்னீஷியன், பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 1,800, ரூமும் சாப்பாடும் கம்பெனி என்று இருக்கிறது. அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தான். மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரலில் இதே லெட்டரை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "நல்ல சம்பளம்தான் அக்கா, அனுப்பு" என்று சொன்னவன் நான். பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். கம்பெனியின் ஆஃபர் லெட்டர் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அது மனதை அறுக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

வேலை முடிந்ததும், அரசுக் காகித வேலைகளைச் செய்து தரும் டைப்பிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவான காண்ட்ராக்ட்டை அங்கிருந்த மலையாளி எடுத்துக் கொடுத்தார். வேலை: ஹெல்ப்பர். பேசிக் 800, சாப்பாட்டுக்கு 200. கீழே இவன் கையெழுத்து.

"இதுல எப்படா கையெழுத்துப் போட்ட?"

"பிளைட்டுக்கு முந்தின நாள் ராத்திரி மாமா. விசா பேப்பர், சீக்கிரம் போடுன்னு சொன்னாரு."

2016 ஜனவரியிலிருந்து இங்கே, அமீரகத்தில், ஒரு விதி இருக்கிறது. ஆள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஆஃபர் லெட்டரில் கையெழுத்து வாங்க வேண்டும், இங்கே வந்த பிறகு அதைவிடக் குறைத்துக் காண்ட்ராக்ட் போட முடியாது. அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவதாகத் தொழிலாளியின் மொழியும் அதில் இருக்க வேண்டும். அந்த மொழிகளில் தமிழும் உண்டு. இவனுக்கு வந்ததில் மூன்றாவது மொழி இந்தி. பட்டுக்கோட்டைப் பையன், இந்தியில் ஓர் எழுத்து தெரியாது.

முன்பெல்லாம் இங்கே இறங்கிய பிறகுதான் வேறு காகிதத்தை நீட்டுவார்கள். இப்போது அந்த வேலை ஊரிலேயே, ஏறுவதற்கு முந்தின இரவே நடந்துவிடுகிறது.

ஜூன் 9, ஞாயிறு

மொத்தம் குறைந்தது மட்டும்தான் நஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஓவர்டைம் பேசிக்கை வைத்துத்தான். 1,800 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 9 திர்ஹம் 37 பில்ஸ், 800 என்றால் 4 திர்ஹம் 17 பில்ஸ். ஒரு வருடம் முடித்தால் கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணம்) சேர ஆரம்பிக்கும், முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் பேசிக். அவனுக்குச் சேர வேண்டியது 1,260, சேரப்போவது 560. பேசிக் கட்டத்தில் கை வைத்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் தானாகக் குறைந்துவிடும்.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்றான். அக்கா நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கொடுத்தது 1,20,000 ரூபாய். பதிவு பெற்ற ஏஜெண்டே 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இந்த நாட்டுச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டவே கூடாது.

ஜூன் 16, ஞாயிறு

பெருநாள். பாய் அறையிலிருந்து பிரியாணி வந்தது, இவனும் வந்து சாப்பிட்டான். நேற்றிலிருந்து மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது, செப்டம்பர் 15 வரை. மொட்டைமாடியில் அவுட்டோர் யூனிட் மாட்டும் பையனுக்கு அது பெரிய விஷயம். கேஸ் சார்ஜ் பண்ணுவது, காப்பர் பைப் வெல்டிங் எல்லாம் இவன்தான் செய்கிறான். காண்ட்ராக்ட்டில் ஹெல்ப்பர், கையில் டெக்னீஷியன் வேலை.

ஜூன் 20, வியாழன்

அமைச்சகத்துக்குப் போன் போட்டேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். பதிவான காண்ட்ராக்ட்தான் செல்லும், அதில் உள்ள சம்பளம் வராவிட்டால் புகார் கொடுங்கள் என்றார்கள். அது ஒழுங்காக வருகிறதே. ஏஜெண்டின் லெட்டர் இங்கே வெறும் காகிதம்.

ஊரில் என்ன செய்யலாம் என்று தேடினேன். பதிவு பெற்ற ஏஜெண்டுகள் பட்டியல் உள்ள இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அந்த ஏஜெண்ட் பெயரே இல்லை. இன்னொன்றும் புரிந்தது. பத்தாவது பாஸ் செய்யாதவர்கள் இந்த நாட்டுக்கு வேலைக்கு வர இந்திய அரசிடம் எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்ற அனுமதி வாங்க வேண்டும், அங்கே காண்ட்ராக்ட்டைப் பார்ப்பார்கள். இவன் பத்தாவது முடித்து ஐடிஐ போனவன், அந்த அனுமதி தேவைப்படாத ஈசிஎன்ஆர் பாஸ்போர்ட். அதனால் அவன் காகிதத்தை அரசு அதிகாரி யாரும் பார்க்கவே இல்லை. படித்தவன் தானே படித்துப் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு, இந்தியில் அடித்த தாளை எந்த ஐடிஐ பையன் படிப்பான்?

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். "அவன் சாப்பிடறானா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டாள்.

ஜூன் 30, ஞாயிறு

பணம் அனுப்பிய ரசீது, ஏஜெண்டின் குரல் பதிவுகள், இரண்டு காகிதங்களின் நகல் எல்லாவற்றையும் சேர்த்துச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு அக்கா பெயரில் மனு எழுதி முடித்தேன். உள்ளூர் போலீஸுக்கும் ஒன்று. விஷயம் தெரிந்ததும் ஏஜெண்ட் 20,000 திருப்பித் தருகிறேன் என்றானாம். வாங்கிக்கொள், ஆனால் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

கம்பெனி மேனேஜரைப் பார்த்தோம். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "நாங்கள் கேட்டதே ஹெல்ப்பர்கள்தான், எங்கள் காகிதத்தில் எந்த மாற்றமும் இல்லை" என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். 1,000 திர்ஹம் ஹெல்ப்பர் வேலைக்கு யார் 1,20,000 கொடுப்பார்கள்? அதனால் ஏஜெண்ட் அதை டெக்னீஷியன் வேலையாக ஆக்கி விற்றிருக்கிறான்.

ஆனால் ஹெல்ப்பர் சம்பளத்தில் டெக்னீஷியன் வேலை வாங்குவது ஏஜெண்ட் இல்லையே. சைட்டில் எடுத்த போட்டோக்களைக் காட்டி அதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு டெஸ்ட் வைக்கிறோம், பாஸ் செய்தால் ஆகஸ்டிலிருந்து டெக்னீஷியன், பேசிக் 1,300 என்றார். அமைச்சகத்தில் புதுக் காண்ட்ராக்ட் பதிவு செய்வீர்களா என்று கேட்டேன். செய்வோம் என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

டெஸ்ட்டில் பாஸ். போனில் சொன்னேன், அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப்போகிறாளாம். இவனிடம், "வீட்டுக்கு 1,300-னு சொல்லிடலாமாடா?" என்று கேட்டேன்.

"பேப்பர் வரட்டும் மாமா. தமிழ்ல கேட்டிருக்கேன்."