கப்பைக் கழுவிட்டு மறுபடி போடு

"அக்கா, புரதம் இன்னும் போடவே இல்லை."

எங்கள் ஆய்வகத்து மாணவி சொன்னது இவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் திரையில் மின்னோட்டம் படிப்படியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 100 மில்லிவோல்ட்டில் ஏறக்குறைய 10 பிக்கோஆம்பியர், அதாவது நொடிக்கு ஆறு கோடி அயனிகள். எங்கள் புரதம் சவ்வில் துளை போட்டால் எந்த உயரத்துக்குப் படி வரவேண்டும் என்று காத்திருந்தோமோ, கிட்டத்தட்ட அதே உயரம். ஆனால் கப்பில், அதாவது சவ்வு போடும் சின்னப் பாத்திரத்தில், இருந்தது வெறும் லிப்பிட் (கொழுப்பு) சவ்வும் உப்புக் கரைசலும்தான்.

நான் யோசிக்கக்கூட இல்லை. "டிடர்ஜென்ட் ஒட்டியிருக்கும்மா. கப்பைக் கழுவிட்டு மறுபடி போடு" என்றேன்.

அந்த யோசனையில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நாங்கள் அந்தப் புரதத்தை டிடர்ஜென்ட், அதாவது சோப்பு போன்ற பொருள், வைத்துத்தான் பிரித்தெடுத்தோம். கப்பின் சுவரில் டிரைட்டான் என்ற டிடர்ஜென்ட் துளி தங்கினாலும் போதும், அதுவே சவ்வில் புகுந்து அசல் சேனல் (அயனிகள் போகும் புரதத் துளை) போலப் படிகளைக் காட்டும். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அதில் ஏமாந்திருப்பார்கள். அவள் மெத்தனாலிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றிக் கழுவினாள். மதியம் மூன்று முறை லிப்பிட்டைத் தடவிச் சவ்வு பெயின்ட் பண்ணினாள். மூன்றிலும் கோடு நேராகக் கிடந்தது. அப்புறம் புரதத்தைச் சேர்த்தோம், படிகள் வந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்போது கப்பைக் கழுவச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருடமாக என்னைத் தொந்தரவு செய்வது இதுதான். வேண்டாத படி வந்தால் அழுக்கு, வேண்டிய படி வந்தால் புரதம். அந்த நாளில் நான் கடைப்பிடித்த முறை இதுவாகத்தான் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு முறை இல்லை.

எனக்காக வாதாடியும் பார்க்கிறேன். புரதத்தின் அளவைக் கூட்டியபோது படிகளும் கூடின, அது சாட்சி இல்லையா? சாட்சிதான். ஆனால் புரதத்தைக் கூட்டும்போது அதோடு வரும் டிடர்ஜென்ட்டும் கூடுகிறதே. புரதம் இல்லாமல் டிடர்ஜென்ட் மட்டும் சேர்த்த கண்ட்ரோல் சோதனையையும் செய்தோம், கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் அதைச் செய்தது எங்கள் வழக்கமான டைஃபைட்டனாயில் லிப்பிட்டில். அந்த வாரம் மட்டும், சவ்வு மெலிந்தால் புரதம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க, மூலக்கூறின் வால் குட்டையான டைமிரிஸ்டாயில் லிப்பிட்டுக்கு மாறியிருந்தோம். அதில் அந்தக் கண்ட்ரோலைச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

இன்னொன்று பல மாதம் கழித்துத்தான் உறைத்தது. டைமிரிஸ்டாயில் சவ்வு இறுகிய நிலையிலிருந்து இளகிய நிலைக்கு மாறுவது ஏறக்குறைய 24 டிகிரியில். எங்கள் அறையின் வெப்பநிலையும் அதை ஒட்டித்தான் இருக்கும். அந்த மாற்றத்தின் விளிம்பில் ஒரு சவ்வு, புரதமே இல்லாமல், டிடர்ஜென்ட்டும் இல்லாமல், தானாகவே படிப்படியாகக் கசியும். அந்தோனோவ் குழுவினர் இதை 1980லேயே நேச்சர் இதழில் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பாடமாக எடுத்திருக்கிறேன். எங்கள் சவ்வில் டெக்கேன் என்ற கரைப்பான் கலந்திருந்ததால் அந்த வெப்பநிலை கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்றும் சொல்லிக்கொள்கிறேன். இருந்தாலும் அவள் காலையில் பார்த்தபோது ஏசி போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மதியம் அறை நன்றாகக் குளிர்ந்திருக்கும். கோடு நேரானது கழுவியதாலா, குளிர்ந்ததாலா? நோட்டில் நேரம் இருக்கிறது, வோல்ட்டேஜ் இருக்கிறது, வெப்பநிலை இல்லை.

இந்தத் துறையின் தொடக்கமே இரண்டு பிழைகளில்தான் என்று ஒரு நண்பர் ஆறுதல் சொன்னார். 1925இல் லைடனில் கோர்ட்டரும் கிரென்டலும் சிவப்பணுக்களின் லிப்பிட்டை அசிட்டோனில் பிரித்து நீர்ப்பரப்பில் பரப்பினார்கள். செல்லின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அதிலிருந்துதான் சவ்வு ஈரடுக்கு என்றார்கள். பின்னால் பார்த்தால், அசிட்டோன் எல்லா லிப்பிட்டையும் எடுத்திருக்கவில்லை, செல்லின் பரப்பையும் குறைவாகக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டி, விடை சரியாக அமைந்துவிட்டது. நல்ல கதைதான், ஆனால் எனக்கு ஆறுதலாக இல்லை. அவர்களுக்கு ஈடுகட்டியது என்பதற்காக எனக்கும் ஈடுகட்ட வேண்டுமா என்ன? கட்டுரை வெளிவந்துவிட்டது. அந்த வாரத்து டிரேஸ் (மின்னோட்டப் பதிவு) அதில் ஒரு படமாக இருக்கிறது.

அவளிடம் ஒருமுறை கேட்டேன், அன்றைக்கு உனக்கு என்ன தோன்றியது என்று. "நீங்க சொன்னதும் டிடர்ஜென்ட்தான்னு தோணுச்சுக்கா" என்றாள். அதற்கு முன்னால் என்ன தோன்றியது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் முதல் வருடம், நான் முனைவர் பட்டம் முடித்த போஸ்ட்டாக். நான் அவ்வளவு வேகமாக விடை சொல்லாமல் இருந்திருந்தால், "ஏன் வருது?" என்று அவளே நின்று பார்த்திருக்கலாம். பார்த்திருக்காமலும் போயிருக்கலாம். அலையும் ஒவ்வொரு கோட்டுக்கும் நின்றால் இந்த வேலையில் ஒரு டிரேஸ்கூட முடியாது. இது உண்மை. இதையே சாக்காகவும் வைத்துக்கொள்கிறேன் என்பதும் உண்மை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் திரையைக் காட்டி என்னவோ கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "கப்பைக் கழுவிட்டு மறுபடி போடு" என்றாள். அதே குரல், அதே வேகம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னது அன்றைக்குச் சரியாகவும் இருந்திருக்கலாம்.

இப்போது கப்பின் பக்கத்தில் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். எல்லோரும் அளவைக் குறிக்கிறார்கள். டைமிரிஸ்டாயில் குப்பி மைனஸ் இருபது ஃப்ரீசரில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. சவ்வை 20இலிருந்து 28 டிகிரி வரை சூடாக்கிப் பார்க்க ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளை நான் இன்னும் ஒதுக்கவில்லை.