ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை

போன மாதம் கோவளம் பக்கம் ஒரு தோப்பில் எங்கள் கேரவனை நிறுத்தி, நான்கு மூலையிலும் வண்டி ஆடாமல் தாங்கும் ஜாக்கியை இறக்கிவிட்டுப் படுத்தோம். ராத்திரி நல்ல மழை. காலையில் அம்மா காபி டம்ளரை மேடையில் வைத்ததும் அது மெல்ல நகர ஆரம்பித்தது, இறங்கிக் குனிந்து பார்த்தால் பின்பக்க இடது ஜாக்கியின் பாதம் ஈர மணலில் நாலு விரற்கடை புதைந்திருந்தது.

கணக்கு இதுதான். பாதம் 10க்கு 10 செ.மீ., அதாவது 100 சதுர செ.மீ. அதன்மேல் 500 கிலோ இறங்கினால் சதுர செ.மீ.க்கு 5 கிலோ. அதையே 30க்கு 30 பலகைமேல் நிறுத்தினால் பரப்பு 900, சதுர செ.மீ.க்குச் சுமை அரைக் கிலோ சொச்சம்தான்.

ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் மணல் என்றால் வேறு இடங்களில் களிமண், மழை பெய்தால் சொதசொதவென்று ஆகிவிடும். தார்த்தரைதானே என்று நம்பவும் முடியாது, மே மாத வெயிலில் தார் இளகி ஜாக்கியின் அச்சு பதிந்துவிடும்.

மரக்கடையில் 2 அங்குல கனத்தில் துண்டுகள் வாங்கினேன். மெல்லிய பிளைவுட் வேண்டாம், அது வளைந்து சுமை மறுபடி ஒரே இடத்தில் இறங்கும். ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், திடீரென்று உடையும். பலகை வைத்தால் ஜாக்கி அதிகம் நீள வேண்டியதில்லை, குட்டையாக நிற்கும்போது ஆட்டமும் குறைவு. அப்புறம், முதலில் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், பிறகுதான் ஜாக்கி. பலகையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன், சேற்றிலிருந்து இழுத்து எடுக்க அதுதான் வசதி.